பழங்குடி கிராம சபை "வேண்டாம்"னு சொன்னா சுரங்கத் திட்டம் நிக்குமா?

நிக்கலாம், ஒடிசா நியம்கிரி மலைல நின்னுருக்கு. ராயகடா, காளஹண்டி மாவட்டத்துல இருக்குற இந்த மலைலதான் டோங்ரியா கோந்த் மக்கள் இருக்காங்க, மலை உச்சி அவங்க சாமி நியம் ராஜாவோட இடம், அதனால அங்க மரம்கூட வெட்ட மாட்டாங்க. அலுமினியம் எடுக்குற தாதுவான பாக்சைட் இருக்கறதும் அதே உச்சிலதான், அத வெட்டி கீழ லாஞ்சிகர்ல இருக்குற வேதாந்தா ஆலைக்குக் கொண்டுபோறதுதான் திட்டம். இந்த பாக்சைட் அடுக்குதான் மழைத்தண்ணிய பஞ்சு மாதிரி புடிச்சு வச்சு கோடையிலயும் ஓடைக்கு விடுது, அத தோண்டிட்டா சரிவுல அன்னாசி, மஞ்சள் போடுற ஜனங்க தண்ணிக்கு எங்கதான் போவாங்க சொல்லுங்க.

2010ல மத்திய அரசு வன அனுமதி குடுக்கல, கேஸ் சுப்ரீம் கோர்ட் போச்சு. 2013 ஏப்ரல் 18ல கோர்ட், 2006 வன உரிமைச் சட்டப்படி இவங்களோட வழிபாட்டு உரிமை, காட்டு உரிமை பாதிக்குதான்னு கிராம சபை பாக்கட்டும், அத வச்சு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவெடுக்கட்டும்னு சொல்லிருச்சு. மலைல நூறு ஊருக்கு மேல இருக்க மாநில அரசு 12 ஊர மட்டும் எடுத்துச்சு, அது அநியாயம்னுதான் நான் சொல்லுவேன், ஆனா மாவட்ட நீதிபதி முன்னாடியே அந்த 12ம் வேண்டாம்னு தீர்மானம் போட்டுருச்சு. 2014 ஜனவரில அமைச்சகமும் திட்டத்த நிராகரிச்சுது. 2016ல மறுபடி கிராம சபை கூட்டணும்னு மாநில சுரங்கக் கழகம் கோர்ட்டுக்குப் போச்சு, கோர்ட் அதையும் ஏத்துக்கல.