இலவச ஊட்டச்சத்து வகுப்பு: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். பிஸ்கட்டும் மால்ட் பானமும் தயாரிக்கும் ஒரு நிறுவனம் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை ஊட்டச்சத்து வகுப்பு நடத்தித் தருவதாகச் சொல்கிறது. புத்தகம், சுவரொட்டி, கடைசி நாளில் ஒரு பரிசுப் பை எல்லாம் இலவசம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: பையிலிருந்தே தொடங்குங்கள். கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலோ வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கவும், விளம்பரப்படுத்தவும், சும்மா கொடுக்கவும் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை இது. மாதிரிப் பாக்கெட்டுக்கு இடமே இல்லை. பண்டத்தின் பெயர் அச்சிட்ட பையையும் விளம்பரமாகவே கருதி மறுத்துவிடுங்கள்.

அடுத்து, பாடம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் பொய் இருக்காது. கை கழுவு, காலையில் சாப்பிடு, காய்கறி தின்னு, ஓடி விளையாடு என எல்லாமே சரியாக இருக்கும். விடுபட்டது என்ன என்று பாருங்கள். சர்க்கரை பற்றி ஒரு பக்கம்கூட இல்லாமல் விளையாட்டைப் பற்றியே பேசினால் உஷார். அமெரிக்காவில் கோகோ கோலா பணம் கொடுத்த ஆய்வுக் குழு ஒன்று, உடல் பருமனுக்கு உணவைவிட உடற்பயிற்சிக் குறைவே காரணம் என்ற தொனியில் பேசியது. 2015இல் விஷயம் வெளியே வந்ததும் குழு கலைக்கப்பட்டது.

உதவத்தான் வேண்டும் என்றால் தண்ணீர்த் தொட்டிக்கோ விளையாட்டுப் பொருளுக்கோ கொடுக்கட்டும். பெயர்ப்பலகை, மாணவர் படம், பெற்றோர் கைபேசி எண் எதுவும் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது, அடுத்த வருடம் வருபவர் வேறு ஆளாக இருப்பார்.

வகுப்பை உங்கள் ஆசிரியரே நடத்தலாம், செலவே இல்லை. வீட்டிலிருந்து காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் 'சேர்த்த சர்க்கரை' வரியை மட்டும் எடுங்கள். மொத்தச் சர்க்கரையில் பாலின் இயற்கைச் சர்க்கரையும் கலந்திருக்கும். 100 கிராமுக்கு 25 கிராம் என்று போட்டிருந்தால், 8 கிராம் எடையுள்ள பிஸ்கட் ஐந்து தின்ற பிள்ளைக்கு 10 கிராம் போகிறது. 5 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி என்றால் இரண்டு. அதைச் சர்க்கரையாகவே தட்டில் கொட்டிக் காட்டுங்கள்.

உறையில் உள்ள சதவீதத்தை நம்பிவிட வேண்டாம். அது ஒரு நாளில் 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு 50 கிராம் என்று வைத்துப் போட்ட கணக்கு. அதன்படி மேலே சொன்ன 10 கிராம் வெறும் 20 சதவீதம். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தேவை சுமார் 1,700 கலோரி. அதில் 5 சதவீதத்துக்குள் சர்க்கரை இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 85 கலோரி; சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி என்றால் ஏறக்குறைய 21 கிராம். ஐந்து பிஸ்கட்டிலேயே பாதி தீர்ந்துவிட்டது.

மால்ட் பானத்தில் கணக்கு பெரும்பாலும் பிசகும். உறையில் இருப்பது பவுடருக்கான அளவு மட்டுமே. வீட்டில் டம்ளருக்கு மேலே போடும் சர்க்கரையையும் கேட்டுக் கூட்டச் சொல்லுங்கள்.