ஏ.சி.யில் கேஸ் நிரப்பினால் வீட்டுத் தூசி போகுமா?

கேள்வி: படுக்கையறையில் ஸ்பிளிட் ஏ.சி. ஓடுகிறது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்கின்றன. ஆனாலும் காலையில் துடைத்த மேசையில் மாலைக்குள் தூசி. மகனுக்கு ஓயாத தும்மல். சர்வீஸுக்கு வந்தவர், "குளிர் குறைவாக இருக்கிறது, கேஸ் இறங்கிவிட்டது, அதனால்தான் தூசி. நிரப்பிவிட்டு கெமிக்கல் வாஷும் செய்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கேஸுக்கும் தூசிக்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிராக்கி, திரும்ப அறைக்குள் விடுகிறது. வெளியே நிற்கும் பெட்டிக்குக் குழாயில் போய்வருவது கேஸ், காற்றல்ல. ஆக, மேசையில் படிவது உங்கள் அறையில் ஏற்கெனவே இருக்கிற தூசிதான்: போர்வையிலிருந்து உதிரும் பஞ்சு, நம் தோலின் செதில், காலோடு வந்த மண். ஏ.சி. அதைக் கிளறிவிடுகிறது, அவ்வளவுதான்.

முன்மூடியைத் தூக்கினால் ஒரு வலை தெரியும். அதுதான் ஃபில்டர். தினமும் ஓடுகிற ஏ.சி.யில் 2 வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். இதற்கு ஆள் தேவையில்லை.

வலை அடைத்தால் காற்று குறையும், குளிர் குறையும், உள்ளே காற்றைக் குளிராக்கும் குழாய்ச்சுருளான காயிலில் பனிக்கட்டிகூடக் கட்டும். கேஸ் குறைந்தாலும் இதேதான் நடக்கும். இந்த ஒற்றுமைதான் பலருக்குச் சோறு போடுகிறது! கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிவருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. "கசிவு எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த வருடமும் அவரே வருவார்.

கெமிக்கல் வாஷ், அதாவது ரசாயனம் விட்டு உட்புறத்தைக் கழுவுவது? டார்ச் அடித்து, காற்று வெளியே வரும் வாய்க்குள் பாருங்கள். உருளை போன்ற ப்ளோயரில் கறுப்பாக அப்பியிருந்தால், அல்லது கறுப்புத் துணுக்குகள் கீழே விழுந்தால், உட்புறத்தைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் வீரியமான அமிலம் காயிலின் அலுமினியத்தை அரித்துவிடும். பெரும்பாலும் பம்பால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னது மாறும். உங்கள் வீட்டின் வேறு அறையில் ஜன்னல் ஏ.சி. இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். அவற்றில் சிலவற்றில் 'வென்ட்' என்று ஒரு சின்னத் திருகோ நெம்புகோலோ இருக்கும். அது திறந்திருந்தால் அறைக்கும் வெளிக்கும் வழி ஏற்பட்டுவிடும், தெருத்தூசியும் வரும். பெட்டியைச் சுற்றிச் சட்டத்தில் இடுக்கு இருந்தாலும் அப்படித்தான். வென்ட்டை மூடுங்கள், இடுக்கை ஃபோம் வைத்து அடையுங்கள். வென்ட் மூடியிருந்தும் தூசி வந்தால் இடுக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், மகனின் தும்மல். அந்த வலையில் பஞ்சும் முடியும் நிற்கும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள் நிற்காது. தும்மலுக்குக் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி காரணமாக இருக்கலாம். அது மெத்தையில் இருக்கிறது, ஏ.சி.யில் அல்ல. படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 55 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் துவையுங்கள். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பூச்சி பெருகாது. தும்மல் தொடர்ந்தால் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். மேசையையும் உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், கோபம்தான் வரும். அவற்றில் எழுதியிருப்பது எத்தனை தடவை வருவார்கள் என்பதுதான், வந்து என்ன செய்வார்கள் என்பதில்லை. வலையை உதறிவிட்டு அட்டையில் கையெழுத்து கேட்கிறார்கள். முன்மூடியைத் திறந்து உங்கள் கண்ணெதிரே ப்ளோயரைக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.