இரண்டு சிம்மிலும் ஒரே நேரத்தில் சிக்னல் போகிறதா?

தம்பி, போன் பழுதில்லை. கடையில் கொடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். வன்னியில் ஒட்டுசுட்டான் காட்டோர வயலில் உங்கள் 077 (டயலொக்), 075 (எயார்டெல்) சிம் இரண்டுமே ஒன்றாகப் படுத்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும் என்றுதானே இரண்டு வைத்திருக்கிறீர்கள்? முன்பு அது சரி. 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் சேர்ந்துவிட்டது. இலக்கம்தான் வேறு, கை ஒன்று. 2018இல் எட்டிசலாட்டை ஹட்ச் வாங்கியதால் 072, 078 இரண்டும் அப்படித்தான். ஐந்தாக இருந்த நிறுவனங்கள் இப்போது மூன்று. ஆட்கள் குறைந்த, காடு கூடிய வன்னியில் கோபுரம் போட்டால் செலவுக்கேற்ற வருமானம் வராது. அதனால் இங்கே தெரிவு ஒன்று குறைந்தாலும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இரண்டாவது சிம்மை வேறு நிறுவனத்தில் எடுங்கள். வாங்குமுன், 071 (மொபிட்டெல்) அல்லது 078 (ஹட்ச்) வைத்திருக்கும் அயலவரை வயலுக்குக் கூட்டிப் போங்கள். போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாமல், ஒரு அழைப்பு எடுத்து இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். எங்கள் வயலில் பாலை மரத்தடியில் ஒன்றும் வராது. பத்தடி தள்ளி வாய்க்கால் கட்டின் மேல் ஏறினால் தெளிவாகக் கேட்கும். அந்த இடத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டி வைத்திருக்கிறேன்.

முறைப்பாட்டை முதலில் நிறுவனத்திடம் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். பதில் இல்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் சொல்லுங்கள். அப்புறம், தனியாக வயலுக்குப் போகும் நாளில் பாம்பு கடித்தால் 1990 அம்புலன்ஸை எந்த இடத்தில் நின்று அழைக்கலாம் என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள்.