ஸ்டார் என்று கேட்டால் எந்த ஸ்டார்?

மாரி முடிந்ததும் எல்லாரும் வீட்டு வேலை, வாகன வேலை என்று இறங்கிவிட்டார்கள் போல. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்குரூவும் டிரைவரும்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன், உங்கள் கேள்வி அப்படியே இல்லையென்று கோபிக்க வேண்டாம்.

என்னிடம் ஒரு ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றப் போய் இரண்டு ஸ்குரூவின் தலை வழுக்கிவிட்டது. ஸ்டார் டிரைவர் புதுசு, நல்ல விலை கொடுத்து வாங்கியது. பிழை என் கையிலா, டிரைவரிலா?
(கொக்குவில் வாசகர்)

இரண்டிலும் இல்லை தம்பி. நீங்கள் வைத்திருக்கும் டிரைவர் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அது அந்த ஸ்குரூவுக்குச் செய்த டிரைவர் இல்லை.

நாங்கள் கடையில் போய் "ஒரு ஸ்டார் தாங்கோ" என்று கேட்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நாலு சாதி இருக்கிறது. முதலாவது பிலிப்ஸ். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936இல் காப்புரிமை எடுத்த வடிவம், பிட்டில், அதாவது பிடியில் மாட்டுகிற நுனித் துண்டில், பி.எச். என்று போட்டிருக்கும். இதன் சிலுவைப் பக்கங்கள் கீழே போகப் போக ஒடுங்கும், அதனால் பலமாகத் திருகும்போது டிரைவர் தானாகவே மேலே ஏறி வெளியே வரப் பார்க்கும். "வழுக்குது" என்று நாங்கள் சொல்வது அதைத்தான். இரண்டாவது பொசிடிரைவ், பி.இசட்., 1960களில் வந்தது. சிலுவையின் நாலு கைகளுக்கும் இடையில் மெல்லிய கோடு நாலு தெரிந்தால் அது பொசிடிரைவ். இதன் பக்கங்கள் நேராக இருப்பதால் அவ்வளவாக ஏறி வராது. மூன்றாவது ஜப்பான் நியமத்துச் சிலுவை, ஜே.ஐ.எஸ். நாலாவது ஆறு முனை வைத்த டோர்க்ஸ், அதையும் எங்கள் ஆட்கள் ஸ்டார் என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் பாவம், எந்த ஸ்டாரை எடுத்துத் தருவார்?

ஜப்பானிய மோட்டார் சைக்கிளில் இருப்பது மூன்றாவது சாதி. பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், சிலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் டிரைவரை அதற்குள் விட்டால் கடைசிவரை இறங்காது, சிலுவையின் மேல் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் பலம் கொடுக்கக் கொடுக்க அந்த மெல்லிய விளிம்பு சீவிக்கொண்டு போகும். ஜே.ஐ.எஸ். டிரைவர் எழும்பாமல் அப்படியே உட்காரும். வெசல் என்ற ஜப்பான் கம்பனி இதற்கென்றே செய்கிறது. அந்த டிரைவரை பிலிப்ஸ் ஸ்குரூவிலும் பெரிய பிரச்சினை இல்லாமல் பாவிக்கலாம், ஆகவே பழைய ஹொண்டா, யமஹா வைத்திருக்கிறவர் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அதைத்தான் வாங்குங்கள் என்பேன்.

அடுத்தது இலக்கம். ஜப்பான் நியமத்தில் 3 மில்லிமீற்றரிலிருந்து 5 மில்லிமீற்றர் வரை பருமனான ஸ்குரூவுக்கு 2ஆம் இலக்க டிரைவர், 6 மில்லிமீற்றருக்கு 3ஆம் இலக்கம். பழைய ஹொண்டாக்களில் எஞ்சின் பக்க மூடியின் சிலுவை ஸ்குரூக்கள் பெரும்பாலும் அந்த 6 மில்லிமீற்றர்காரர்கள். வீட்டில் 3ஆம் இலக்க டிரைவர் எத்தனை பேரிடம் இருக்கிறது? எல்லாரும் 2ஐ வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுகிறோம்.

சரி, இப்போது வழுக்கிய இரண்டையும் என்ன செய்வது. கார்புரேட்டர் என்பதால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நெருப்புக் காட்ட வேண்டாம், உள்ளே பெற்றோல் ஈரம் இருக்கும். கார்புரேட்டரைத் தனியாகக் கழற்றி எடுத்து, ஸ்குரூவைச் சுற்றிக் கறள் நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் பொருத்தமான டிரைவரை வைத்து அதன் பிடியின் பின்பக்கத்தில் சின்னச் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு மட்டும், பலமாக அடித்தால் அந்த வார்ப்பு உலோகத்தில் வெடிப்பு விழும். வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட் ஒரு துளி டிரைவர் நுனியில் பூசினால் பிடிமானம் கூடும், எந்த கராஜிலும் கேட்டால் விரல்நுனியில் கொஞ்சம் தருவார்கள். அதற்கும் அசையாவிட்டால் பூட்டுக் குறட்டால் தலையின் வெளி விளிம்பைக் கடித்துப் பிடித்துத் திருப்புங்கள். எஞ்சின் மூடி என்றால் சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் பாவிக்கலாம், அடி விழும்போதே அது பிட்டை உள்ளே அமர்த்தித் திருப்பும், ஆனால் கார்புரேட்டர் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது.

பிட் வாங்கப் போனால் எஸ்2 என்கிறார்கள், சி.ஆர்.வி. என்கிறார்கள். நூறு பிட் உள்ள பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
(சுன்னாகம், மானிப்பாய் வாசகர்கள்)

எஸ்2 என்பது அடி தாங்குவதற்கென்று செய்த கருவி உருக்கு. அதில் செய்த நல்ல பிட்டின் கடினம் றொக்வெல் அளவில் ஏறக்குறைய 58 முதல் 62 வரை இருக்கும். சி.ஆர்.வி. என்பது குறோம் வனேடியம். ஸ்பானருக்கும் டிரைவர் தண்டுக்கும் அருமையான உருக்கு, பிட் நுனிக்கு எஸ்2 நல்லது. ஆனால் எழுத்தை யாரும் அடிக்கலாம், அச்சுக்கு உருக்கு எதுவென்று தெரியாது. ஆகவே எழுத்தை வாசித்து முடிந்ததும் பிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

நான் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் இரண்டு புது ஸ்குரூ கொண்டுபோவேன். (கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.) பிட்டைக் கிடையாகப் பிடித்து அதன் நுனியில் ஸ்குரூவை அமர்த்திக் கையை எடுப்பேன். காந்தம் இல்லாத பிட்டாக இருக்க வேண்டும், காந்தம் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. நல்ல பிட் என்றால் ஸ்குரூ விழாமல் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். தலை தொங்கினாலோ விரலால் தொட ஆடினாலோ, அந்தப் பிட்டைத் திருப்பி வைத்துவிடுவேன். பிறகு நுனியைப் பார்ப்பேன். ஓரங்கள் கூர்மையாகவும் சிலுவையின் நாலு கைகளும் ஒரே தடிப்பாகவும் இருக்க வேண்டும். மினுமினு என்று தடித்த குறோம் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம், பூச்சு ஓரத்தைச் சப்பையாக்கிவிடும், கொஞ்ச நாளில் செதிலாக உரியும். கடைசியாக அதன் அறுகோணக் கால். 6.35 மில்லிமீற்றர், அதாவது கால் அங்குலம் இருக்க வேண்டும். மலிவுப் பிட்டுகளில் இது மயிரிழை குறைவாக இருந்து பிடிக்குள் லொடலொட என்று ஆடும்.

நூறு பிட் பெட்டியைப் பற்றி: நானும் ஒன்று வாங்கினேன். ஏழு வருடமாகியும் எண்பதுக்கு மேற்பட்டவை பெட்டியிலிருந்து வெளியே வந்ததே இல்லை. பி.எச்.2 மட்டும் முதல் மாதமே மொட்டையாகிவிட்டது, அந்தப் பெட்டியில் அது இரண்டுதான் இருந்தது. அந்தக் காசுக்கு பி.எச்.2 ஐந்து, பி.எச்.1 இரண்டு, பி.இசட்.2 இரண்டு, டோர்க்ஸில் டி.10, டி.15, டி.20 ஒவ்வொன்று, இவற்றை நல்ல கம்பனியில் உதிரியாக வாங்கியிருக்கலாம். பிட் என்பது தேய்வதற்கென்றே உள்ள பொருள், சவர்க்காரம் மாதிரி. நுனி மழுங்கியதைத் திரும்பப் பெட்டிக்குள் போடாதீர்கள், அடுத்த நாள் அதையே எடுத்து நல்ல ஸ்குரூவையும் கெடுப்பீர்கள்.

மின்சார இம்பாக்ட் டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அதற்கென்று நடுவில் இடுப்பு மெலிந்த பிட் வரும், அந்த மெலிவு அதிர்ச்சியில் கொஞ்சம் முறுகிக் கொடுக்கும். சாதாரணக் கடினப் பிட்டைப் போட்டால் டக்கென்று முறியும்.

அம்மம்மா வீட்டு முதிரைக் கதவுக்குப் பித்தளைப் பிணைச்சல் மாற்றுகிறோம். பித்தளை ஸ்குரூ பாதியில் முறிகிறது, முறியாதவற்றின் தலையிலுள்ள வெட்டுக் கிழிகிறது.
(சண்டிலிப்பாய் வாசகி)

முதிரைக்குள் பித்தளையை நேராக இறக்க முடியாது தங்கச்சி, மரம்தான் வெல்லும். முதலில் ட்ரில்லால் துளை போடுங்கள், ஸ்குரூவின் புரியை நீக்கிவிட்டால் மிஞ்சும் நடுத்தண்டின் அளவுக்கு. பிறகு அதே நீளம், அதே பருமனில் ஒரு இரும்பு ஸ்குரூவை இறக்கிக் கழற்றுங்கள், மரத்துக்குள் புரியை வெட்டுகிற கடின வேலையை அது செய்துவிடும். அதன் பிறகு பித்தளை ஸ்குரூவின் புரியில் மெழுகுதிரியைத் தேய்த்துக் கையாலேயே இறக்குங்கள், மெசின் வேண்டாம். சவர்க்காரம் தேய்க்கிற பழக்கம் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், மெழுகே போதும்.

வெட்டுக் கிழிவது டிரைவரின் வாய் பொருந்தாததால். பிளாட் டிரைவரின் வாய் அகலம் வெட்டின் நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், தடிப்பு வெட்டை நிரப்ப வேண்டும். ஒடுங்கிய டிரைவரைப் போட்டால் பலம் முழுவதும் நடுவில் இரண்டு புள்ளியில் விழும், பித்தளை தாங்காது. எங்கள் ஊர் ஓடாவியார் ஒருவர் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் டிரைவர் வாயை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து அந்த ஸ்குரூவுக்கே அளவாக்கிக்கொள்வார். சின்ன வயதில் அதை வீண் வேலை என்று நினைத்திருக்கிறேன். அவர் போட்ட பிணைச்சல்களில் ஒரு வெட்டும் கிழிந்திருக்கவில்லை. சாணைச் சக்கரத்தில் பிடிக்கிறவர்கள் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்ளுங்கள், நுனி நீலமாக மாறினால் அந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

கனடாவிலிருந்து அண்ணா ஒரு ரூல்ஸ் (கருவிகள்) பெட்டி அனுப்பியிருக்கிறார். சதுர முனைப் பிட்டுகள் எதற்கு? சொக்கெட் எல்லாம் அங்குலம், இங்கே உதவுமா?
(கோண்டாவில் வாசகர்)

சதுர முனை ரொபர்ட்சன். 1908 அளவில் கனடாவில் வந்தது, அங்கே தச்சு வேலையில் அது மிகப் பரவலாக இருக்கிறது. பச்சை நிறம் 1ஆம் இலக்கம், சிவப்பு 2, கறுப்பு 3. வடிவம் அருமை, லேசில் வழுக்காது, ஆனால் எங்கள் கடைகளில் அந்த ஸ்குரூ இல்லையே. ஸ்குரூவும் ஒரு பெட்டி அனுப்பச் சொல்லி அண்ணாவிடம் கேளுங்கள்.

அங்குலச் சொக்கெட்டை ஜப்பான், இந்திய வாகனத்தில் கண்டபடி போடாதீர்கள். 3/4 அங்குலம் 19.05 மில்லிமீற்றர், அது 19க்குப் போகும். 1/2 அங்குலம் 12.7, 13 நட்டில் ஏறாது. மற்றப் பக்கமாக 13 மில்லிமீற்றர் சொக்கெட்டை அரை அங்குல நட்டில் போட்டால் கொஞ்சம் ஆடும், கறள் பிடித்த நட்டு என்றால் அந்த ஆட்டமே மூலைகளை உருட்டிவிடும். 9/16 அங்குலம் 14.29. அதற்கு 14 ஏறாது, 15 ஆடும். அயலில் யாராவது மொரிஸ் மைனர் 1000 வைத்திருந்தால் உங்கள் பெட்டி அவருக்குப் பொக்கிஷம், அந்த எஞ்சின் முழுக்க அங்குலம்தான். பெட்டியில் ஆறு பக்கம், பன்னிரண்டு பக்கம் என்று இரண்டு சாதிச் சொக்கெட்டும் இருந்தால், கறள் பிடித்ததற்கு ஆறு பக்கத்தை எடுங்கள்.

கடற்கரையில் வீடு. எந்த ரூல்ஸ் வாங்கினாலும் கறள்.
(குருநகர், ஊர்காவற்றுறை வாசகர்கள்)

உப்புக் காற்றுக்கு முன்னால் எந்தக் கம்பனியும் நிற்காது. வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு தடவு. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள் போக ஒட்டிப் பிசினாகும். வள்ளத்துக்குத் துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூ வாங்கினால் 316 தரம் என்று கேட்டு வாங்குங்கள், 304 கடலுக்கு அவ்வளவு தாங்காது. இன்னொரு விசயம், சாதாரண இரும்புப் பிட்டால் அதை இறுக்கும்போது பிட்டிலிருந்து இரும்புத் துகள் ஸ்குரூத் தலையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு "316 என்று சொல்லித் தந்ததும் கறள் பிடிக்குது" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். பிட்டுக்கும் துருப்பிடிக்காத உருக்கில் செய்தது கிடைக்கிறது.

லைற் பார்க்கிற டெஸ்டரால் ஸ்குரூ இறுக்கலாமா? வீட்டில் வேறு பிளாட் இல்லை.
(நல்லூர் வாசகர்)

வேண்டாம். அதன் தண்டு மெல்லியது, வாய் முறுகும், பிடிக்குள் இருக்கும் கண்ணாடிக் குமிழோ தடையோ உடையலாம். பிறகு 230 வோல்ட் ஓடுகிற கம்பியில் வைத்தாலும் வெளிச்சம் வராது, நீங்களும் கரண்ட் இல்லையென்று நம்பிக் கையை வைப்பீர்கள். ஏற்கனவே அப்படி இறுக்கிய டெஸ்டர் என்றால், முதலில் கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த பிளக்கில் வைத்துப் பாருங்கள்.