கேள்வி பதில்: தளர்ந்த ஸ்பிரிங், சிதறும் குண்டுகள்

கேள்வி: .22 ரைபிளில் 50 மீட்டர் படுத்துச் சுடுகிறேன். ஒரு தோட்டாகூட வெடிக்காமல் போனதில்லை. ஆனாலும் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. ஃபயரிங் பின்னை (தோட்டாவை அடிக்கும் ஊசியை) தள்ளும் ஸ்பிரிங் காரணமாக இருக்குமா? (கோவை வாசகர்)

பதில்: இருக்கலாம். தோட்டா வெடிக்காமல் போவது கடைசியில் வரும் அறிகுறி. .22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால்தான் பற்றும். ஸ்பிரிங் தளர்ந்தால் அடி மெலியும், தோட்டாவுக்குத் தோட்டா பற்றும் விதம் மாறும், குண்டின் வேகமும் ஏறி இறங்கும். விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டிய குண்டு 3 மீட்டர் குறைவாகக் கிளம்பினாலே, 50 மீட்டரில் 2 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்.

முதலில் சுட்ட கூடுகளை வரிசையாக வைத்து லென்ஸில் பாருங்கள். ஃபயரிங் பின் பதித்த பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில், தெளிவான ஓரத்தோடு இருக்க வேண்டும். ஆழம் சீராக இருந்தால் வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஆழம் மாறினால் போல்ட்டை, அதாவது ஃபயரிங் பின்னும் ஸ்பிரிங்கும் உள்ள உருளையைக் கழற்றலாம்.

சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே போல்ட்டை உருவுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால் கண்ணாடி அணிந்து, தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிரியுங்கள். தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். பெரும்பாலும் குற்றவாளி பழைய எண்ணெய்தான். பித்தளைத் தூளோடு சேர்ந்து பிசினாகிப் பின்னைப் பிடித்து இழுக்கும். எண்ணெயைக் கரைக்கும் சால்வென்ட்டில் கழுவி நன்றாக உலர்த்தி, மெல்லிய எண்ணெயை விரலில் தொட்டுத் தடவினால் போதும். கிரீஸ் கூடவே கூடாது.

பிறகு ஸ்பிரிங்கைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. வெர்னியரில் அதன் நீளத்தை அளந்து, அதே மாடலின் புது ஸ்பிரிங்கோடு ஒப்பிடுங்கள். புது ஸ்பிரிங் வாங்கிய அன்றே அளந்து எழுதி வைப்பது நல்ல பழக்கம். பின்னின் முனை தேய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நீளம் குறைந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டலாமா? வாஷர் வைக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். இழுத்த கம்பி சீக்கிரமே மறுபடி சுருங்கும், அதுவும் ஓரிடத்தில் அதிகமாக. வாஷர் வைத்தால் போல்ட்டைக் காக் செய்யும்போது (ஸ்பிரிங்கை அழுத்திச் சுடத் தயார் செய்யும்போது) சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, ஃபயரிங் பின் முழுதாகப் பின்வாங்காமல் போகலாம். தயாரிப்பாளரின் ஸ்பிரிங்கையே மாற்றுங்கள். கூடுதல் பலமுள்ள ஸ்பிரிங்கும் வேண்டாம்; அடி விழும்போது ரைபிள் அதிர்ந்து குறி கலையும். வீட்டில் வைக்கும்போது காக் செய்யாமல் வையுங்கள்.

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் இது பொருந்துமா? (சென்னை வாசகர்)

பதில்: அதில் ஃபயரிங் பின்னே கிடையாது. அழுத்திய காற்றுச் சிலிண்டர் வகை ஏர் ரைபிளில் ஒரு சுத்தியல் வால்வைத் தட்டிக் காற்றை விடுகிறது. அந்தச் சுத்தியலின் ஸ்பிரிங்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் என்பதால், அதைத் தொடாமல் சர்வீஸில் கொடுத்துவிடுங்கள்.