இ-பைக்ல மீட்டர் எரியுது, ஆக்சிலேட்டர் திருகினா நகரல, மோட்டாருக்குக் கரண்ட் அனுப்புற கன்ட்ரோலர் போச்சுன்னு சொல்றாங்க, மாத்தலாமா?

மாத்தாதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க. நானும் மியான்மர்ல பகோலதான் இருக்கேன், போன வருசம் திஞ்சான் (பர்மாக்காரங்க புது வருசத் தண்ணித் திருவிழா) முடிஞ்ச மறுநாள் எனக்கும் இதே கதைதான். நமக்கு சித்திரை பொறக்குறதும் அந்தத் திருவிழா நடக்குற நாள்லயா, கோயிலுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள பைப் வெச்சு அடிச்சு வண்டியயும் சேத்துக் குளிப்பாட்டிட்டானுங்க. கடைக்காரர் தொட்டுக்கூடப் பாக்காம கன்ட்ரோலர்னாரு, நானும் காசக் கொடுத்து மாத்திட்டேன், அப்பவும் நகரல!

கடைசில பாத்தா இடது பிரேக் லீவருக்குள்ள இருக்குற குட்டி சுவிட்ச். பிரேக் புடிச்சா மோட்டாருக்குக் கரண்ட் போகக் கூடாதுன்னு வெச்சது, தண்ணி போயி ஒட்டிக்கிச்சுன்னா நாம பிரேக்க விட்டாலும் வண்டி அப்படியே நிக்கும். பின்னாடி பிரேக் லைட் அணையாம எரிஞ்சா அதுதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டுட்டு (வீல் சட்டுனு சுத்தும், காலு ஜாக்கிரதை) ரெண்டு லீவர் கனெக்டரயும் கழட்டிட்டுத் திருகிப் பாருங்க.

அதுவும் இல்லன்னா வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிக்குங்க. 48 வோல்ட் வண்டின்னா உள்ள நாலு 12 வோல்ட் பேட்டரி, ஃபுல் சார்ஜ்ல சும்மா நிக்கும்போது ஒவ்வொண்ணும் 12.7 கிட்ட காட்டும், ஆனா அத நம்பாதீங்க, லோடுல, அதாவது மோட்டார் கரண்ட் இழுக்கும்போது, ஒண்ணு மட்டும் 10.5க்குக் கீழ விழுந்தா அது செத்துப்போச்சு. நம்ம ஊர்ல கரண்ட் வர்ற லட்சணத்துக்குப் பாதி சார்ஜ்லயே கெடந்து லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் போயிருது.

அடுத்து ஆக்சிலேட்டர். மூணு வயர், பெரும்பாலும் சிவப்புல 5 வோல்ட், கறுப்பு நெகட்டிவ், மூணாவது சிக்னல். திருகாம இருக்கும்போது சிக்னல்ல 0.8 சொச்சம், முழுசா திருகினா மூணரைக்கு மேல வரணும். சிவப்புலயே 5 வோல்ட் இல்லன்னா பிளக்கக் கழட்டிட்டு கன்ட்ரோலர் பக்கம் மறுபடி பாருங்க, திரும்பி வந்துச்சுன்னா ஆக்சிலேட்டர்தான் ஷார்ட். மோட்டார் எந்த நிலைல நிக்குதுன்னு கன்ட்ரோலருக்குச் சொல்ற ஹால் சென்சாருக்கும் அதே 5 வோல்ட்தான், அதனால அந்த பிளக்கயும் கழட்டிப் பாக்கணும். ஹால் வயர் மஞ்சள், பச்சை, நீலம், வீலக் கையால மெதுவா சுத்தினா ஒவ்வொண்ணும் 0, 5ன்னு மாறி மாறி வரணும், ஒண்ணு மாறாம நின்னா வண்டி உதறும்.

கன்ட்ரோலர் நிஜமாவே போச்சான்னு பாக்க பேட்டரியக் கழட்டிட்டு வீலச் சுத்துங்க. கட்டிப்புடிச்ச மாதிரி டக்கு டக்குனு இழுத்துச்சுன்னா மோட்டாருக்குப் போற மூணு தடிச்ச வயரயும் பிரிச்சு ஒண்ணோட ஒண்ணு படாம வெச்சு மறுபடி சுத்துங்க, லேசா சுத்துனா கன்ட்ரோலருக்குள்ள கரண்ட விட்டு நிறுத்துற மாஸ்ஃபெட் ஷார்ட், அப்பதான் மாத்தணும்.

என்னோட பழைய கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு, வீட்ல சும்மா கெடக்கு. உங்களுது 48 வோல்ட்தானான்னு பாத்துட்டு சொல்லுங்க.