மான்டாக்கின் மூடிய கதவுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் எடிசனில் வசிக்கிறேன். லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில், மான்டாக் முனைக்குப் பக்கத்தில் 'கேம்ப் ஹீரோ' என்று கைவிடப்பட்ட ராணுவ முகாம் ஒன்று இருக்கிறதே, அங்கே போக வேண்டும் என்று 13 வயது மகன் பிடிவாதமாக இருக்கிறான். காலப்பயணம், மூளையைக் கட்டுப்படுத்தும் சோதனை, பூமிக்கடியில் ரகசிய மாடிகள் என்று இணையத்தில் நிறையப் படித்திருக்கிறான். என் கேள்விகள் மூன்று. அந்த நிலவறைகளுக்குள் போக முடியுமா? கதைகளில் ஏதாவது உண்மை உண்டா? போனால் எதைப் பார்ப்பது, எதில் கவனமாக இருப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நிலவறைகளுக்குள் போக முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி வெளியேதான் இருக்கிறது. என்னவென்று தெரியாமல் போனால் செடி மண்டிய மேடும் அடைத்த கான்கிரீட் சுவரும் மட்டுமே கண்ணில் படும். அந்த வெற்றிடத்தில்தான் கதைகள் வந்து குடியேறின. அதனால் பொருட்களிலிருந்தே தொடங்குகிறேன்.

முகாம் 1942இல் உருவானது. கடலோரப் பீரங்கிப் படையின் தலைவராக இருந்த மேஜர் ஜெனரல் ஆண்ட்ரூ ஹீரோவின் பெயரை வைத்தார்கள். அன்றைய அச்சம் வெறும் கற்பனை அல்ல. அதே ஆண்டு ஜூன் 13 அதிகாலையில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று நான்கு நாசவேலைக்காரர்களை அமகான்செட் கரையில் இறக்கிவிட்டது. முனையிலிருந்து அது 30 கி.மீ.க்குள் இருக்கிறது. இரண்டு வாரத்தில் அவர்கள் பிடிபட்டார்கள்.

நியூயார்க்கை நோக்கி வரும் போர்க்கப்பல்களைத் தொலைவிலேயே தடுக்க இங்கே நான்கு 16 அங்குலப் பீரங்கிகளை, இரண்டிரண்டாக, இரண்டு பேட்டரிகளில், அதாவது பீரங்கி நிலைகளில், நிறுவினார்கள். குழாயின் வாய் 40 செ.மீ. அகலம். ஒரு குண்டின் எடை ஏறத்தாழ ஒரு டன், எட்டும் தூரம் 40 கி.மீ. இந்த வகைக் குழாய்கள் முதலில் கடற்படைக்காக வார்க்கப்பட்டவை. போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்த 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்தால் அந்தக் கப்பல்கள் கட்டப்படாமல் போக, குழாய்கள் தரைப்படைக்கு வந்தன.

பேட்டரியின் அமைப்பை மகனுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். இரண்டு பீரங்கிகளுக்கும் நடுவே சுமார் 150 மீட்டர் இடைவெளி. இரண்டையும் இணைத்து ஒரு நீண்ட நடைவழி, அதன் ஓரங்களில் குண்டும் வெடிமருந்தும் வைக்கும் அறைகள், மின்னாக்கி அறை. எல்லாவற்றின் மேலும் தடித்த கான்கிரீட், அதற்கு மேல் மண், மண்ணில் செடிகள். இரு முனைகளிலும் பீரங்கி நீட்டிக்கொண்டிருந்த வாய் மட்டும் வெளியே தெரியும். போருக்குப் பிறகு பீரங்கிகளைப் பழைய இரும்பாக வெட்டி எடுத்துவிட்டு வாய்களை அடைத்தார்கள். பாதையில் நடக்கும்போது காட்டுக்குள் திடீரென்று ஒரு மேடு, அதன் இரு கோடிகளிலும் அடைத்த கான்கிரீட் முகப்பு என்று கண்டால் அதுதான் பேட்டரி. கதை சொல்பவர்களின் 'பாதாள நகரத்துக்கு' விதை இந்த நடைவழிதான்.

கதவை அடைத்ததற்குச் சாதாரணக் காரணங்களே போதும். இப்படிப்பட்ட பழைய நிலவறைகளில் தண்ணீர் தேங்கும். அடியில் இருக்கும் குழியை அந்தத் தண்ணீர் மறைத்துவிடும். காற்றோட்டம் இல்லாத அறையில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் மூக்குக்குத் தெரியாது, மயக்கம் வரும்போதுதான் தெரியும். அந்தக் காலக் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாசும் ஈயம் கலந்த வண்ணமும் இருக்கும், உதிர்ந்தால் தூசியாக நுரையீரலுக்குப் போகும். யாரோ உடைத்துவைத்த ஓட்டை கண்ணில் பட்டாலும் மகனை அதற்குள் தலை நீட்ட விடாதீர்கள்.

அடுத்து மாறுவேடம். மொத்த முகாமும் கடலிலிருந்தும் வானிலிருந்தும் பார்த்தால் ஒரு மீனவ ஊர் போலத் தெரிய வேண்டும் என்று கட்டினார்கள். கான்கிரீட் சுவரில் ஜன்னல்களை வரைந்தார்கள், பொய்க் கூரை போட்டார்கள், உடற்பயிற்சிக் கூடத்தைத் தேவாலயம் மாதிரி அமைத்தார்கள். இந்த முகாமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஓர் இடம் தன்னைப் பற்றித் தானே பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்பது பதிவான வரலாறு. அப்படிப்பட்ட இடத்தைப் பற்றி மற்றவர்களும் கதை கட்டியதில் வியப்பில்லை.

போருக்குப் பின் விமானப்படை வந்தது. வேலிக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான ரேடார் 1960 வாக்கில் எழுந்தது. ஏஎன்/எஃப்பிஎஸ்-35 என்பது அதன் பெயர். ஆண்டெனாவின் அகலம் 126 அடி, உயரம் 38 அடி. இந்த வகையில் ஆண்டெனாவோடு இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். சோவியத் குண்டுவீச்சு விமானங்களைத் தேடுவது இதன் வேலை. கிடைத்த தகவல் தொலைபேசிக் கம்பி வழியாக உங்கள் மாநிலத்தின் மெக்குவயர் விமானத் தளத்துக் கணினிக்குப் போனது. இது இயங்கியது 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸில். அமெரிக்காவின் யுஎச்எஃப் தொலைக்காட்சி அலைவரிசை 470இல் தொடங்குகிறது. இவ்வளவு வலுவான துடிப்பு பக்கத்திலேயே சுற்றும்போது சுற்றுவட்டார வீடுகளின் வானொலியும் தொலைக்காட்சியும் இரைந்தன. கதையில் 'மூளைக்குள் நுழையும் அலை' என்று வருவதும் 400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இதே பகுதிதான். ரேடார் தொலைக்காட்சியைக் கலைத்தது உண்மை. மனதைக் கலைத்தது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. நிலையம் 1981இல் மூடப்பட்டது. கோபுரத்தை இடிக்காமல் விட்டதற்குச் சொல்லப்படும் காரணமும் எளியது: பகலில் படகோட்டிகளுக்குக் கலங்கரை விளக்கத்தைவிட இதுதான் நல்ல அடையாளமாக இருந்தது.

இனி கதைக்கு வருவோம். இந்தக் கதைகளுக்கு வழங்கும் பெயர் 'மான்டாக் திட்டம்'. அது பரவலானது 1992இல் வந்த ஒரு புத்தகத்தால். 2016இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடருக்கு முதலில் வைத்திருந்த பெயரே 'மான்டாக்' என்பதால் இளைஞர்களிடம் மறுபடி பற்றிக்கொண்டது. கதையின் முதுகெலும்பு ஒரு தேதி. 1943 ஆகஸ்ட் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் எல்ட்ரிட்ஜ் என்ற போர்க்கப்பல் மறைந்து, 1983 ஆகஸ்ட் 12இன் மான்டாக்கோடு இணைந்தது என்பார்கள். எல்ட்ரிட்ஜ் கட்டப்பட்டது உங்களுக்குப் பக்கத்தில், நியூவர்க்கில். 1943 ஜூலை 25 அன்று நீரில் இறங்கியது. கடற்படையில் சேர்ந்தது ஆகஸ்ட் 27. அதாவது மறைந்ததாகச் சொல்லும் நாளில் அது இன்னும் கடற்படையின் பணிக்கே வரவில்லை. மகன் வாதாடினால் இந்த மூன்று தேதிகளையும் வரிசையாக எழுதிக் கொடுங்கள். கதையை ரசிக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 2008இல் மான்டாக் கரையில் ஒதுங்கிய 'ராட்சசப் பிராணி' கூட, பல்லையும் பாதத்தையும் பார்த்தவர்கள் சொன்னபடி, அழுகி உப்பிய ரக்கூன்தான். இப்படிச் சரிபார்ப்பதிலும் ஒரு துப்பறியும் சுவை இருக்கிறது.

போகும் காலம்: இலை உதிர்ந்தபின், நவம்பர் முதல் மார்ச் வரை. அப்போதுதான் மேடுகள் தெளிவாகத் தெரியும். 2002 முதல் இது மாநிலப் பூங்கா, சூரிய உதயம் முதல் மறைவு வரை திறந்திருக்கும்.

அங்கே உண்மையான ஆபத்து உண்ணிதான். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி குளிர்காலத்திலும், பனி உறையாத நாட்களில் நடமாடும். மே முதல் ஜூலை வரை வரும் இளம் உண்ணி கசகசா அளவே இருப்பதால் இன்னும் மோசம். வெளிர் நிற முழுக்கால் சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை உடையின் மேல் மட்டும் தெளித்து, நன்றாகக் காய்ந்தபின் அணியுங்கள். அது தோலுக்கு அல்ல. வீடு திரும்பியதும் உடைகளை ஈரமாக்காமல் அப்படியே உலர்த்தியில் அதிக வெப்பத்தில் 10 நிமிடம் ஓட்டுங்கள். முதலில் துவைத்தால் உண்ணி பிழைத்துக்கொள்ளும், அதைக் கொல்வது வறண்ட சூடுதான். பிறகு அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி எல்லாம் தேடுங்கள். கடித்திருந்தால் கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். திருகவோ தீ வைக்கவோ கூடாது. லைம் கிருமி உடலில் ஏறப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அன்றிரவே தேடுவது பயன் தரும். மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி, இலை உதிர்ந்தபின் வெறும் தண்டாக நின்றாலும் அரிக்கும்.

இரண்டாவது ஆபத்து குன்றின் விளிம்பு. அது பாறை அல்ல, பனிப்பாறை விட்டுச்சென்ற களிமண்ணும் மணலும். அலை அடியை அரிப்பதால் மேலே புல் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். 1796இல் கலங்கரை விளக்கத்தைக் கட்டியபோது அது விளிம்பிலிருந்து சுமார் 300 அடி உள்ளே இருந்தது. இன்று மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். வேலியைத் தாண்டாதீர்கள்.

அந்தப் பீரங்கிப் படையினர் கப்பலின் தூரத்தைக் கண்டுபிடித்த விதத்தை மகனே செய்து பார்க்கலாம். குண்டு முழுத் தூரம் பறக்க ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) வேகக் கப்பல் அதற்குள் 900 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் கரையில் வெகுதூரம் தள்ளியிருக்கும் இரண்டு கண்காணிப்பு நிலையங்கள், மணி ஒலிக்கும் அதே நொடியில் கப்பலின் திசைக் கோணத்தைக் குறித்துச் சொல்லும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கப்பல். நீங்கள் இருவரும் குன்றோரப் பாதையில் 300 மீட்டர் இடைவெளியில் நின்று, தொலைபேசியில் எண்ணி, ஒரே நொடியில் ஒரு மீன்பிடிப் படகின் திசையைக் காந்த ஊசியில் குறித்து, வரைதாளில் கோடு இழுங்கள். கான்கிரீட்டுக்கு அருகில் நிற்க வேண்டாம், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி ஊசியைத் திருப்பும். படகு 3 கி.மீ. தள்ளியிருந்தால் ஒரு டிகிரி பிழை அரை கிலோமீட்டர் பிழையாகிவிடும். ராணுவத்தின் கருவி ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு வரை அளந்தது, நிலையங்களைத் தள்ளித் தள்ளி அமைத்ததும் இதற்காகத்தான்.

கலங்கரை விளக்கத்தை இலக்காக வைக்காதீர்கள். நீங்கள் நிற்கும் கரையின் போக்கிலேயே அது இருப்பதால் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று விழும், வெட்டும் புள்ளி கிடைக்காது. புறப்படுவதற்கு முன் எடிசனிலேயே ஏதாவது ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தைப் பக்கவாட்டில் வைத்து ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். அதன் தூரத்தை வரைபடத்தில் சரிபார்த்துவிடலாம்.